பரீட்சை கேட்காத எழுத்து



பல்கலைக்கழகத்திலே பயிலும் மாணவர் எழுதுவனவெல்லாம் பெரும்பாலும் பிறர் கேட்க எழுதுவனவே. விரிவுரையாளர் கேட்கக் கட்டுரை எழுதுகின்றனர். பரீட்சையாளர் கேட்க விடை எழுதுகின்றனர். வீட்டார் கேட்கக் கடிதம் எழுதுகின்றனர், பணம் வேண்டியபோது கேளாமலும் எழுதுகின்றனர். இவற்றுக்கெல்லாம் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இவையாவும் எப்படியோ முடிந்துவிடுகின்றன. ஆனால் ஒருவரும் கேளாமல், புள்ளி பெறும் எண்ணமும் இல்லாமல், ஒரு மாணவர் தாமாகவே தொடங்குகின்ற சிறுகதையோ நாடகமோ கவிதைத் தொகுதியோ முடிவுறுவது அரிதாகவே இருக்கிறது. விடுதி அறைகளிலே மேசை இழுப்பறைகளைத் திறந்து பார்த்தால் முதல் அத்தியாயங்கள் நிரம்பக் கிடைக்கும். கடைசி அத்தியாயங்கள் கிடைப்பது துர்லபம்.

அத்தகைய ஆக்கம் ஒன்றினை மாணவப் பருவத்திலேயே முடித்து வைப்பது எங்ஙனம் என்பதே இன்று எடுத்துக்கொண்ட பொருள். இதனை வெறும் அறிவுரையாகச் சொல்ல வேண்டிய தேவை நமக்கு இல்லை. கண்டி நகரத்துக்கு அருகே, பேராதனையிலே, 1950களிலும் 1960களிலும் தமிழ் மாணவர் பலர் இதனைச் செய்துகாட்டியிருக்கின்றனர். அவர்கள் முடித்த ஆக்கங்களை எடுத்து நோக்கினால், ஆர்வம் மட்டும் அவற்றை முடித்ததாகத் தெரியவில்லை. ஆர்வம் எல்லாரிடத்தும் இருந்தது. ஒரு மேடையின் தேதி, ஒரு மலரின் பக்கம், அடுத்த அறையிலே காத்திருந்த ஒரு வாசகர் என்று, வெளியிலிருந்து வந்த ஏதோ ஒரு கட்டுப்பாடே அவற்றை முடிவுவரை இழுத்துச் சென்றிருக்கிறது.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டு கொழும்பிலே நிறுவப்பெற்றது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தர். 1952இல் அது பேராதனைக்குப் பெயர்ந்தது. ஒருபுறம் ஹந்தானை மலை. நடுவே மகாவலி கங்கை. கண்டி நகரமோ நான்கு மைல் தொலைவிலே. மாணவர் விடுதிகளிலே தங்கிப் பயிலவேண்டும் என்பது அப்பல்கலைக்கழகத்தின் அமைப்பிலேயே வகுக்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த மாணவர் ஆண்டின் பெரும்பகுதியைக் குளிர்ந்த மலைச்சாரலிலே ஒரே கூரையின்கீழ்க் கழித்தனர். வெளிப்பார்வைக்கு இது இலக்கியத்தோடு தொடர்பற்ற செய்திபோலத் தோன்றலாம். ஆனால் இரவிலே எழுதி முடித்த ஒரு கதையைக் காலையிலே படித்துப் பார்த்து, இது ஆகாது என்று முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள் பக்கத்திலே இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதை எழுதிப் பார்த்தவர் அறிவர். தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாகிய இளங்கதிர் என்னும் மலர், அவ்வாறு எழுதியவர்களுக்குச் சில பக்கங்களையும் ஒரு கெடுநாளையும் தந்தது.

ஆசிரியர் முன்னே நடந்து காட்டியதையும் சொல்லவேண்டும். அங்கே தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை, கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து இலண்டன் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். அத்தகைய ஆராய்ச்சியாளர் ஆராய்ச்சியோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்து மக்கள் வாயிலே வழங்கும் மொழியை அப்படியே எடுத்து நாடகங்கள் எழுதினார். நானாடகம் 1940இலும், இருநாடகம் 1952இலும் நூல்களாயின. யாழ்ப்பாணத்து மன்னன் ஒருவனைப் பாத்திரமாக்கிய சங்கிலி என்னும் வரலாற்று நாடகம் 1956இலே வெளிவந்தது. பல்கலைக்கழக மாணவர் அவர் நாடகங்களிலே நடித்தனர். மொழியின் ஒலியை நுணுகி ஆராய்ந்த ஒருவர், அம்மொழியைப் பேசும் மனிதரை மேடையிலே நிறுத்திப் பார்க்கவும் விரும்பினார். பகலிலே பழைய இலக்கணம் கற்பித்தவர் மாலையிலே பேச்சுமொழி நாடகத்துக்கு ஒத்திகை பார்த்தார் என்பதைக் கண்ட மாணவருக்கு, எழுதுவது கற்றவர்க்கு இழுக்காகாது என்று தனியே எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவிலே நிலைமை வேறு. அயோவாப் பல்கலைக்கழகம் 1922ஆம் ஆண்டிலேயே, மேற்பட்டத்துக்கு ஆய்வுரைக்குப் பதிலாக ஆக்க இலக்கியத்தையும் ஏற்பது என்று முடிவு செய்தது. 1936இலே அங்கே எழுத்தாளர் பட்டறை நிறுவப்பெற்றது. அங்கே கதை எழுதுவதும் ஒரு பாடம். அதற்கு ஆசிரியர் உண்டு, நாள் உண்டு, பட்டமும் உண்டு. பேராதனையிலே நாம் குறிப்பிடும் மாணவருக்கு இவை இல்லை. அவர்கள் வேறு எங்கிருந்தோ அக்கட்டுப்பாட்டைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்விரண்டில் எது சிறந்தது என்ற வழக்கை இங்கே தீர்க்கப் புகவில்லை. ஒன்று மட்டும் கூறலாம்: புள்ளிக்காக எழுதியவர், புள்ளி கிடைத்தவுடன் நிறுத்திவிடக் கூடும், கேளாமல் எழுதியவருக்கு அந்த ஆபத்து இல்லை, தொடங்கியதை முடிக்காத ஆபத்தே உண்டு.

அவ்வாபத்திலிருந்து தப்பிய ஆக்கம் ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இராவணேசன் என்னும் கூத்து நாடகமே அது.

அதன் பின்னணி சிங்கள நாடகத்தோடு தொடர்புடையது. பேராதனையிலே பேராசிரியராக இருந்த எதிரிவீர சரச்சந்திர, சிங்கள நாடகம் என்னும் பழைய கிராமியக் கூத்து மரபை ஆராய்ந்து, அதன் அடிப்படையிலே மனமே என்னும் நாடகத்தை 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே கொழும்பில் மேடையேற்றினார். 1961இலே அவருடைய சிங்கபாகு பேராதனைத் திறந்தவெளி அரங்கிலே ஆடப்பட்டது. இன்று அவ்வரங்கு அவர் பெயராலேயே வழங்குகிறது. சிங்களவருடைய மரபு நாடகம் இவ்வாறு புத்துயிர் பெற்றதைக் கண்ட சு. வித்தியானந்தன், தமிழ்த்துறை விரிவுரையாளர், நம்முடைய கூத்தும் ஏன் அவ்வாறு எழலாகாது என்று எண்ணினார். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஊர் ஊராகச் சென்று கூத்துகளைப் பார்த்தார். கர்ணன் போர் 1962இலும் நொண்டி நாடகம் 1963இலும் பல்கலைக்கழக மாணவரால் ஆடப்பெற்றன. ஆட்டத்தைப் பழக்குதற்கு மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு வரவழைக்கப்பட்டார். பட்டதாரியாகப் போகும் இளைஞர், ஏட்டுக் கல்வியைப் பெரிதாகக் கொள்ளாத ஓர் அண்ணாவியாரின் மத்தளத்துக்குக் கால் வைத்து ஆடினர்.

கிராமத்துக் கூத்து இரவு முழுவதும் ஆடப்படுவது. வட்டக்களரியிலே மக்கள் சுற்றி அமர்ந்திருப்பர். ஒவ்வொரு பாத்திரமும் தோன்றும்போது தன்னை அறிமுகஞ் செய்யும் வரவுத் தருவைப் பாடி நெடுநேரம் ஆடும். சொன்னதையே விருத்தத்திலே ஒருமுறையும் தருவிலே ஒருமுறையும் வசனத்திலே மீண்டும் ஒருமுறையும் சொல்லும். விடியும்வரை பொழுது இருக்கிற இடத்திலே இது குறையன்று, சிறப்பேயாம். ஆனால் ஒருபுறம் மட்டும் பார்வையாளர் அமர்ந்திருக்கும் மேடையிலே, சில மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்றால் எதனை விடுவது, எதனை வைப்பது? அந்த வினாவை வித்தியானந்தனும் அவருடைய மாணவரும் எதிர்கொண்டனர். கூத்தை அறிந்த ஊர்ப்பெரியவர் சிலருக்குச் சுருக்குதல் மனத்தாங்கலாகவும் இருந்திருக்கலாம். எனினும் சுருக்காதிருந்தால் நகரத்து மேடையிலே கூத்துக்கு இடம் கிடைத்திராது.

மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு அக்காலத்திலே பேராதனை மாணவர். பள்ளிப் பருவத்திலேயே கூத்தாடிப் பழகியவர். பழைய கூத்துகளைச் சுருக்கி ஆடிய அனுபவத்தின் பின்னர், புதிதாகவே ஒரு வடமோடிக் கூத்து எழுதவேண்டும் என்ற நிலை வந்தபோது, 1960களின் நடுப்பகுதியிலே, இராவணேசனை எழுதினார். இராமனுடைய வெற்றியைப் பாடாமல், வீழ்ச்சியை நோக்கிச் செல்லும் இராவணனுடைய உள்ளத்தை நடுவே வைத்தார். நாடகத்தை எழுதிய மாணவரே இராவணனாகவும் ஆடினார். வித்தியானந்தன் நெறிப்படுத்தினார்.

இந்த ஆக்கம் முடிந்தமைக்கான காரணங்களை எண்ணிப் பாருங்கள். எழுதுபவருக்கு உருவம் கையிலே இருந்தது. வடமோடித் தாளக்கட்டு எந்த உணர்ச்சிக்கு எது பொருந்தும் என்பதை அவர் கால்கள் அறிந்திருந்தன. காலம் அளந்து தரப்பட்டிருந்தது. நடிப்பவர் யார் யார் என்பதும் தெரிந்திருந்தது. இன்னார் நன்றாகப் பாடுவார், இன்னார் ஆடுவார், பாட்டு வராது என்பதை அறிந்து எழுதலாம். ஒரு பாட்டு நீண்டுவிட்டதா என்பதை ஒத்திகையிலே மூச்சு வாங்கும் நடிகரே காட்டிவிடுவார். தாளிலே மட்டும் எழுதுபவருக்கு இந்த உதவி கிடையாது. கற்பனை வறண்டு எழுத்து நின்றுவிட்டது என்று சொல்லும் மாணவரைக் கேட்டால், பெரும்பாலும் கற்பனை வறண்டிராது. எவ்வளவு எழுதுவது, எவர்க்கு எழுதுவது, எப்போது நிறுத்துவது என்பனவே தீர்மானமாகாமல் இருக்கும்.

சிறுகதைத் துறையிலும் இதே காலத்தில் ஒரு கூட்டு முயற்சி நிகழ்ந்தது. பல்கலைக்கழக மாணவர் எழுதிய சிறுகதைகளைத் தொகுத்து 1962இலே கதைப்பூங்கா என்னும் நூல் வெளிவந்தது. மாணவரே தொகுத்து, மாணவரே வெளியிட்ட நூல் அது. விண்ணும் மண்ணும் முதலிய தொகுதிகள் பின்னர் தொடர்ந்தன. புவியியல் மாணவராயிருந்த க. குணராசா இம்முயற்சிகளிலே முன்னின்றார். செங்கை ஆழியான் என்ற பெயரிலே பின்னர் நாடறிந்த நாவலாசிரியரானவர் இவரே. செம்பியன் செல்வன், செ. யோகநாதன், செ. கதிர்காமநாதன், குந்தவை என்று ஈழத்துச் சிறுகதை வரலாற்றிலே நாம் இன்று சொல்லும் பெயர்கள் பல, அந்நாளிலே பேராதனை விடுதிகளின் பெயர்ப்பட்டியலிலே இருந்தவை. அவர்களுக்குச் சில ஆண்டு முன்னே அங்கே பயின்ற க. கைலாசபதி, 1959இலே தினகரன் ஆசிரியராகி இளம் எழுத்தாளருக்கு அப்பத்திரிகையின் கதவைத் திறந்துவிட்டார். இளங்கதிருக்கு எழுதியதை நண்பர் படிப்பர். தினகரனுக்கு எழுதியதை நாடு படிக்கும்.

தொகுதி என்பது தனி ஒருவருடைய சுமையைப் பகிர்ந்துவிடுகிறது. முதலாண்டு மாணவர் ஒருவர் தனியே நூல் போட முடியாது. ஒரு நல்ல கதையை முடிக்க முடியும். அந்த ஒரு கதை வராவிட்டால் அச்சகத்திலே பத்துப் பேருடைய கதைகளும் காத்திருக்கும் என்ற கூச்சம் எவ்வளவோ கதைகளை முடித்திருக்கும் என்றே கருதுகிறேன். இலக்கிய வரலாறுகள் கூச்சத்தை ஒரு காரணமாகக் குறிப்பதில்லை.

எல்லாரும் ஒரே வேகத்திலே எழுதினர் என்று கொள்ளவேண்டா. செங்கை ஆழியான் அரச நிருவாக சேவையிலே இருந்துகொண்டே நாவல்மேல் நாவலாக எழுதினார். அவருடைய வாடைக்காற்று 1978இலே திரைப்படமாகவும் வந்தது. குந்தவையோ மிகச் சில கதைகளே எழுதினார். மாணவப் பருவத்திலே எழுதத் தொடங்கிய அவருடைய தொகுதியாகிய யோகம் இருக்கிறது, 2002இலேதான் நூலாயிற்று. நாற்பதாண்டு இடைவெளியினால் அக்கதைகளின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

இனி, இன்று ஒரு பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ பயிலும் மாணவர் இவ்வாறு ஒன்றைத் தொடங்கினால் என் செய்வது?

அளவை முதலிலே தீர்மானிக்க வேண்டும். கணக்கு எளியது. ஒரு பருவத்திலே பதினைந்து வாரம் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 250 சொல் எழுத முடியுமானால், 2,500 சொல்லுள்ள சிறுகதையின் முதல் வரைவு பத்து நாளிலே கிடைக்கும்; திருத்துவதற்கு மூன்று மாதம் மிஞ்சும். 60,000 சொல்லுள்ள நாவலுக்கு 240 நாள் வேண்டும். அதற்கிடையிலே இரண்டு பரீட்சைகளேனும் வந்து குறுக்கே நிற்கும். நாவல் எழுதவே கூடாது என்பதில்லை. ஆயினும் முதலிலே ஒரு சிறுகதையை முடித்துப் பழகியவருக்கே நாவலின் முடிவு கைகூடும். மாணவர் பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

பொருளைத் தேடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கண்டிக்கு வரும் மாணவர் கண்ணிலே முதலிலே படுவன மலையும் மூடுபனியும். உடனே அவற்றைப் பாடத் தோன்றுகிறது. பல்கலைக்கழக வளவுக்கு மேலேயே ஹந்தானையிலே தேயிலை விளைந்த சரிவுகள் இருக்கின்றன. அங்கே லயங்களிலே தமிழர் வாழ்கின்றனர். பேருந்துச் சன்னலின் வழியே பார்த்துவிட்டுக் கொழுந்து கொய்யும் பெண்ணைப் பற்றிக் கதை எழுதுபவருக்கு, பிரட்டுக்களம் என்றால் என்ன, அரைப்பேர் என்றால் என்ன என்று தெரிந்திருக்குமோ? விடியற்காலையிலே வேலைக்கு ஆளைக் கூட்டிப் பிரித்துவிடும் இடம் பிரட்டுக்களம். ஒரு நாள் வேலையின் பதிவு பேர் எனப்படும். குறித்த நிறை கொழுந்து எடுக்காதவருக்குப் பாதிப் பதிவே கிடைக்கும், அதுவே அரைப்பேர். அன்றைய உணவு அச்சொல்லிலே தங்கியிருக்கிறது. அதனை அறியாமல் எழுதிய கதையிலே பனி மட்டுமே இருக்கும். தோட்டத்திலே பிறந்து வளர்ந்த சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்து நிலைத்திருப்பதற்கு, இச்சொற்களுக்குள்ளே அவர் வாழ்ந்தமையும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்து மாணவர் மலைநாட்டைப் பற்றி எழுதலாகாது என்று தடை விதிப்பார் எவருமில்லை. ஒரு சனிக்கிழமை மேலே ஏறிச் சென்று, கேட்டறிந்து, இறங்கி வந்து எழுதட்டும். அது கூடாதாயின், தம் ஊர் வாய்க்காலைப் பற்றி எழுதுவது மேல்.

முதல் வரைவு முடியும்வரை பின்னோக்கித் திருத்தலாகாது. முதற் பக்கத்தையே முப்பது முறை திருத்தி, இரண்டாம் பக்கத்தை அடையாமலே பட்டம் பெற்றுச் சென்றவர் பலர். வரைவு முடிந்தபின் அதனைப் பத்து நாளேனும் மூடிவைக்க வேண்டும். பின்னர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண் பொறுத்துக்கொள்ளும் வாக்கியத்தைக் காது பொறுத்துக்கொள்ளாது. வானொலிக்கு எழுதுபவர் இதனை நாள்தோறும் காண்கின்றனர். உரையாடல் பொய்யாக ஒலிக்கும் இடம், ஒருவர் மூன்று முறை ஒன்றையே சொல்லும் இடம், ஆசிரியர் தாமே புகுந்து பிரசங்கஞ் செய்யும் இடம் எல்லாம் அப்போது வெளிப்படும். கூத்துச் சுருக்கியவர் செய்ததுபோல இங்கேயும் வெட்டவேண்டும். நல்ல வாக்கியமாயிற்றே என்று இரங்கி விட்டுவைப்பவை கதையின் கழுத்தைப் பிடிக்கும்.

முதல் வாசகரைத் தெரிந்தெடுப்பதில் கவனம் வேண்டும். புகழ்பவர் பயன்படார். எல்லாவற்றையும் இகழ்பவரும் பயன்படார். எந்த இடத்திலே படிப்பது அலுத்தது என்று கோடிட்டுக் காட்டக்கூடிய ஒருவரே வேண்டும். அவர் இலக்கிய மாணவராயிருத்தல் கட்டாயமில்லை. பொறியியல் மாணவர் மிக நல்ல வாசகராக இருப்பதுண்டு.

பரீட்சையை மறந்து இதனைச் செய்க என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளையின் பட்டத்தை நம்பி ஒரு குடும்பம் முழுவதும் காத்திருப்பதுண்டு. அரைப்பேர் வாங்கிப் படிக்கவைத்த தாயும் அவர்களுள் ஒருவர். அக்கடமைக்கும் எழுத்துக்கும் இடையே மாணவர் உள்ளத்தில் நிகழும் போராட்டம் உண்மையானது. எந்த அட்டவணையும் அதனை முற்றாகத் தீர்த்துவிடாது. செய்யக்கூடியது இதுவே: பரீட்சைக்கு ஆறு வாரம் முன்னே ஆக்கத்துக்கு ஒரு நாள் குறித்து, அந்நாளிலே அது எந்த நிலையிலிருந்தாலும் இன்னொருவர் கையிலே கொடுத்துவிடுவது. மலர் ஆசிரியரிடம் கொடுக்கலாம். சங்கக் கூட்டத்திலே வாசிப்பதாக முன்கூட்டியே பெயர் பதிந்துகொள்ளலாம். நாடகமாயின் அரங்கை முன்னரே ஒழுங்கு செய்யலாம். கொடுத்தபின் அது தம்முடைய மேசையிலே இல்லை. புத்தகத்தைத் திறந்து படிக்கலாம்.

குறையோடு கொடுத்துவிட்டோமே என்று வருந்துவோருக்கு இராவணேசனுடைய பிற்கால வரலாற்றைச் சொல்லலாம். மாணவராயிருந்தபோது எழுதி ஆடிய அந்நாடகத்தை, மௌனகுரு பேராசிரியராகிய பின்னர்ப் பல்லாண்டு கழித்து மீண்டும் எடுத்தார். புதிய தலைமுறை மாணவரைக் கொண்டு, திருத்தியும் விரித்தும் மறுபடி மறுபடி மேடையேற்றினார். முதிர்ந்த அறிவோடு திருத்துவதற்கு இளமையிலே முடித்த ஒரு பிரதி அவர் கையிலே இருந்தது.

பிரதி என்றதும் ஒரு சிறு செய்தி நினைவுக்கு வருகிறது. மாணவர் வெளியீடுகள் மிகக் குறைந்த படிகளே அச்சாவன. அச்சிட்டோர் பட்டம் பெற்றுச் சென்றதும் அவை சிதறிவிடுகின்றன. இளங்கதிர் இதழ்கள் பலவற்றை இன்று நூலகம் என்னும் இணைய நூலகத்திலே எவரும் எடுத்துப் படிக்கலாம். யாரோ ஒருவர் தம் வீட்டு அலுமாரியிலே பழைய படியைக் காத்து வைத்திருந்ததனாலேயே பல இதழ்கள் நமக்கு எஞ்சின. ஆகவே முடித்த ஆக்கத்தின் முதற் பக்கத்திலே பெயர், ஊர், ஆண்டு, மாதம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, ஒரு படியைப் பல்கலைக்கழக நூலகத்திலும், ஒரு படியைச் சங்கத்திலும், ஒரு படியை வீட்டிலும் வைப்பது நன்று. வீட்டுப் படியை அம்மாவிடம் கொடுத்து வைத்தால் பழைய தாள்காரர் கைக்குப் போகாது.